கல்லு, வயர், ஆறு சதுரத் தண்ணி: போகிமான் பரிணாமத்தோடு 14 வருசம்

2010இல் கனடாவில் இருந்து மாமா அனுப்பிய பெட்டியில் சொக்லேற், சவர்க்காரம், எனக்கு இரண்டு சைஸ் பெரிதான சப்பாத்து எல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவில், துவாயில் சுற்றியபடி மச்சான் பாவித்த கேம் போய் அட்வான்ஸ் எஸ்.பி. என்ற கையடக்கக் கேம் மெசின். உள்ளே போகிமான் ஃபயர் ரெட் கசெற், பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற கேம். கூட வந்த சார்ஜர், செருகிய அன்றே புகைந்து போனது. அங்கே 120 வோல்ற், இங்கே 230. அடியில் எழுதியிருந்ததை நாங்கள் ஒருவரும் வாசிக்கவில்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணை பழைய போன் சார்ஜர் வயரை வெட்டி ஒட்டித் தந்தார். இன்றைக்கும் அந்த வயரில்தான் சார்ஜ் ஏறுகிறது.

கசெற்றில் மச்சானின் சேவ் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் நான் புதிதாகத் தொடங்கினேன். இதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு அதே போகிமான் வரிசையில் சபையர், 3டிஎஸ் மெசினில் எக்ஸ், சுவிட்ச் மெசினில் லெஜன்ட்ஸ் ஆர்சியஸ், ஸ்கார்லெட் என்று வந்துவிட்டேன். கதை, படம், பாட்டு பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒன்றைப் பற்றித்தான்: ஒரு பிராணி இன்னொன்றாக மாறுகிற அந்தக் கட்டம். ஒவ்வொரு கேமிலும் என்னைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

லெவல் ஏறினால் மாறுகிற சாதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்மண்டர் 16இல் ஒருக்கா, 36இல் இன்னொருக்கா. கேட்டர்பி 7இல் கூடு கட்டி 10இல் பறக்கும். விளையாடிக்கொண்டே போனால் தானாக நடக்கும். இதில் மஜிகார்ப் மட்டும் தனிக்கதை. மவுன்ட் மூன் என்ற மலைப் பக்கத்தில் ஒருவன் 500 காசுக்கு ஒரு மீனை என் தலையில் கட்டிவிட்டான். அதற்குத் துள்ள மட்டும்தான் தெரியும், துள்ளி ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சண்டையிலும் அதை முதல் ஆளாக இறக்கி, உடனே மாற்றி, பாதி அனுபவப் புள்ளியை வாங்கிக் கொடுத்து லெவல் 20க்குக் கொண்டு வந்தேன். திரையில் "வாட்? மஜிகார்ப் இஸ் எவால்விங்!" என்று வந்தபோது எனக்கு அந்த வசனத்தின் பொருள் முழுதாக விளங்கவில்லை. பட்டன் ஒன்றையும் தொடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தொடாமல் இருந்தது நல்லது. பி பட்டனை அமத்தியிருந்தால் மாற்றம் நின்றிருக்கும்.

கல்லால் மாறுகிறவை வேறு ரகம். செலடன் நகரக் கடையில் நெருப்புக் கல்லை வாங்கிய கையோடு குரோலித் என்ற நாய்க்குக் கொடுத்துவிட்டேன். ஆர்க்கனைன் ஆகிவிட்டது. பார்க்க வடிவு, கம்பீரம். ஆனால் ஃபயர் ரெட்டில் குரோலித்தாகவே விட்டிருந்தால் 49இல் ஃப்ளேம்த்ரோவர் என்ற நெருப்பு வித்தையைப் படித்திருக்கும். ஆர்க்கனைன் ஆன பிறகு லெவல் ஏறினாலும் அதற்கு அந்த வித்தை வராது. எங்கள் வீட்டில் வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகை போட்டால் இரண்டு நாளில் மஞ்சளாகிவிடும். மரத்திலேயே பழுத்ததைத் தின்றவனுக்கு வித்தியாசம் தெரியும். கல்லுப் பரிணாமமும் அந்தப் புகைப்பழம்தான். இது எனக்குப் பிடித்த விதி. அவசரப்படுகிறவனை கேம் தடுப்பதில்லை, பிறகு மெதுவாகக் காட்டிக் கொடுக்கும்.

பிடிக்காததையும் சொல்லவேண்டும். கோல்பாட் உங்களோடு நன்றாகப் பழகினால் குரோபாட் ஆகும். எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை கேம் இலக்கமாகக் காட்டாது. உள்ளே 220 வந்தால் சரி. ஃபயர் ரெட்டில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கேம் நடக்கிற கான்டோ நாட்டின் 151 சாதிக்குள் இல்லாத பிராணியாக மாறப் பார்த்தால், மற்ற நாட்டுப் பிராணிகளையும் பதிகிற தேசிய போகிடெக்ஸ் கிடைக்கும்வரை மாற்றம் தொடங்கித் தானாகவே நின்றுவிடும். அதைப் பெற எலைட் ஃபோர் என்ற நாலு பெரிய வீரர்களை வெல்லவேண்டும், 60 சாதி பிடித்ததாகப் பதிவாகியும் இருக்கவேண்டும். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கோல்பாட் ஒவ்வொரு லெவலுக்கும் மாறத் தொடங்கும், நிற்கும். எனது பி பட்டன் இறுகிவிட்டது என்று நினைத்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அம்மம்மா பார்த்துவிட்டு, "உந்தப் பெட்டியையும் விளக்காக்கப் போறியோடா?" என்றா.

இடையில் பள்ளிக்கூடக் கதை ஒன்று. விஞ்ஞானப் பாடத்தில் கூர்ப்புக்கு, அதாவது பரிணாமத்துக்கு, உதாரணம் கேட்டபோது நான் எழும்பி, "மயிர்க்கொட்டி கூர்ப்படைஞ்சு வண்ணத்துப்பூச்சியாகும் சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஒரு புழுவுக்கு அதன் வாழ்நாளில் நடப்பது உருமாற்றம், கூர்ப்பு என்பது ஒரு கூட்டத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நடப்பது என்று சேர் விளங்கப்படுத்தினார். தப்பு என்னுடையது மட்டுமல்ல. கேமின் ஜப்பானிய மூலத்திலும் ஷின்கா என்ற சொல்தான், அதற்கும் கூர்ப்பு என்றுதான் பொருள். 1996 பெப்ரவரி 27இல் முதல் இரண்டு கேம்களும் ஜப்பானில் வந்தன. அவற்றை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். புழு, கூடு, பூச்சி என்ற வரிசையைப் பார்த்து வளர்ந்தவர் அதையே கேமின் முதுகெலும்பாக வைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர் பார்த்தது எங்கள் வளவிலும் இருந்தது. தேசிக்காய் மரத்தில் குருவி எச்சம் மாதிரி ஒட்டிக்கிடக்கும் புழு பிறகு பச்சையாகி, கூடு கட்டி, கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சியாகும். முருங்கையில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டி அந்துப்பூச்சியாகும். அதற்குமுன் அம்மா பந்தம் கொளுத்திக்கொண்டு வந்துவிடுவா என்பது வேறு விசயம். சபையரில் வர்ம்பிள் என்று ஒரு புழு. லெவல் 7இல் அது சில்கூனாகவும் ஆகலாம், கஸ்கூனாகவும் ஆகலாம். 10இல் முன்னது வண்ணத்துப்பூச்சி, பின்னது அந்துப்பூச்சி. எது என்பது பிடித்த நேரத்திலேயே ஒரு மறைந்த இலக்கத்தால் முடிவாகிவிடும். உணவு கொடுத்தாலும், இரவு பகல் பார்த்தாலும் மாறாது. நான் ஆறு வர்ம்பிள் பிடித்து வளர்த்தேன். ஆறும் அந்துப்பூச்சி.

சபையர் என்றால் எனக்கு ஃபீபாஸ் என்ற மீன்தான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

அந்தக் கசெற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கினேன். போட்டவுடன் ஒரு அறிவித்தல்: உள் பற்றறி முடிந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் நேரத்தோடு சம்பந்தப்பட்டவை நடக்காது. விளையாடலாம் என்றால் போதும் என்று விட்டுவிட்டேன். கசெற்றுக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது, அது நின்றால் நட்ட பெரிப் பழம் முளைக்காது என்பது பிறகுதான் உறைத்தது. ஃபீபாஸ் மிலோட்டிக்காக மாறுவதற்கு அந்தப் பழம்தான் வேண்டும்.

முதலில் மீனைப் பிடிக்கவேண்டுமே. ரூட் 119 என்ற நீண்ட ஆற்றில், நூற்றுக்கணக்கான தண்ணிச் சதுரங்களில், ஆறே ஆறு சதுரத்தில் மட்டும்தான் ஃபீபாஸ் இருக்கும். எந்த ஆறு சதுரம் என்பது டியூஃபர்ட் ஊரில் அப்போது ஓடுகிற புதுச்சொல்லைப் பொறுத்தது. சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியில் ஆற்றைக் கீறினேன். ஒரு சதுரத்துக்கு நாலு தரம் தூண்டில், கிடைக்காவிட்டால் பேனையால் ஒரு புள்ளடி. ரியூசனுக்குப் போகும் நேரம், சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதே ஆற்றில். பதினொராவது நாள், ஒரு பாறைக்குப் பக்கத்துச் சதுரத்தில், மண் நிறத்தில் வாய் பிளந்தபடி ஒன்று வந்தது. பாசையூர்ச் சந்தையில் எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு கூடையின் அடியில் ஒன்று கிடக்குமே, அந்த முகம். அம்மம்மாவிடம் காட்டினேன். "உதைப் பிடிக்கவோ பதினொரு நாள்?"

அதே ரேடியோ அண்ணையிடம் போய் கசெற்றைத் திறந்து புது சி.ஆர்.1616 பற்றறி பற்றாசு வைத்து வாங்கினேன். பழைய சேவ்வோடு மணிக்கூடு ஒத்துவரவில்லை. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். திரும்பவும் ஆறு, திரும்பவும் கொப்பி. இந்தத் தரம் நாலு நாளில் கிடைத்தது.

பிறகு பழம் நடுவது, தண்ணி ஊற்றுவது, அதை மெசினில் போட்டு ஊசி சரியான இடத்துக்கு வரும்போது பட்டனைத் தட்டி நீலநிறப் போகிபுளொக், அதாவது பிராணிக்குக் கொடுக்கும் தீனிக்கட்டி, அடிப்பது. நீலம்தான் அழகைக் கூட்டும். அழகு 170ஐத் தொட்ட பிறகு ஒரு லெவல் ஏறினால் மிலோட்டிக். ஆனால் கேம் 170 என்று எங்கேயும் காட்டாது, ஐங்கோணப் படம் ஒன்றுதான். இன்னொன்று, ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு சுபாவம் உண்டு. என்னுடையது நீலக் கட்டியின் சுவையைப் பிடிக்காத சுபாவம். கொடுத்த ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு பலன் குறைந்துதான் ஏறியது. கடைசியில் வயிறு நிரம்பி இனி ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டது. நிரம்பினால் நிரம்பினதுதான், அந்தக் கேமுக்குள் அந்த மீனுக்கு வேறு வழியே கிடையாது. லெவல் 60 வரை வைத்துப் பார்த்துவிட்டு, அதே சதுரத்தில் இன்னொன்று பிடித்தேன். அது மொடெஸ்ட் சுபாவம், அந்தச் சுவை அதற்குப் பிடிக்கும். மூன்று கிழமையில் மாறிவிட்டது.

மிலோட்டிக் வடிவுதான். ஆனால் என் பெட்டியில் முதலாவது ஃபீபாஸும் இருக்கிறது. அதை நான் விடவில்லை. பின்னால் வந்த கேம்களில் ஒரு செதிளைப் பிடிக்கக் கொடுத்து இன்னொருவருக்கு மாற்றினால் போதும் என்று இலகுவாக்கிவிட்டார்கள். நியாயமான மாற்றம்தான். இன்றைக்கு ஒரு பெடியனிடம் கொப்பியில் ஆறு கீறு என்று நான் சொல்லமாட்டேன்.

எக்ஸில் கூத்து. இன்கே என்ற கணவாயை லெவல் 30க்கு ஏற்றும் நேரத்தில் மெசினைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். கொழும்பு போகும் இரவு பஸ்ஸில் நான் 3டிஎஸ்ஸைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்து சீற்றில் இருந்த ஐயா நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி கிண்ணி போட்டுதோ?" என்று தன் கைலேஞ்சியை நீட்டினார். மலமார் வந்ததைக் காட்டினேன். "ஓ, கணவாய்" என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

ஸ்கார்லெட்டில் கிமிகூலுக்கு 999 நாணயம் சேர்த்தால் கோல்டெங்கோ. நாடு முழுக்கச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கவேண்டும், எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். ஃபீபாஸ் பட்ட பாட்டுக்கு இது நேர்மையான கணக்கு. மூன்று மாதம் எடுத்தது, சலிக்கவில்லை.

இனி வயர்க் கதை. ஃபயர் ரெட்டில் காஸ்ட்லி என்ற பேய் 25இல் ஹோன்டர் ஆகும். அதோடு சரி. கெங்கார் ஆகவேண்டுமென்றால் இன்னொருவரின் மெசினுக்கு வயர் வழியாக மாற்றவேண்டும். கடாப்ரா, மச்சோக், கிராவலர் எல்லாத்துக்கும் அதே விதி. எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே கேம் போய் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருசம் ஹோன்டரோடுதான் விளையாடினேன்.

2012 நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் வந்தான். தங்கச்சியின் எஸ்.பி., லீஃப் கிரீன் கசெற், லிங்க் வயர் மூன்றும் கொண்டு வந்திருந்தான். ஆனால் அவனைப் பிடித்து இருத்தவே முடியவில்லை. பூங்காவனம் முடிந்து, அவர்கள் வெளிக்கிடுகிற கடைசி இரவுதான் வாய்த்தது. அன்றைக்கென்று கரண்ட் இல்லை. அவன் எஸ்.பி.யில் சிவப்பு லைற் எரியத் தொடங்கிவிட்டது. முற்றத்துக் கதிரையில் இருந்து என் ஹோன்டரைக் கொடுத்தேன், அவன் மச்சோக்கைத் தந்தான். அங்கே கெங்கார், இங்கே மச்சாம்ப். இரண்டு திரையிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம். மாற்றம் முடிந்தவுடன் கேம் தானாகச் சேவ் ஆகிவிடும். திருப்பி வாங்குவதற்காக மறுபடியும் மாற்றத் தொடங்கியபோது அவனுடைய திரை கறுத்துவிட்டது. விடிய நாலு மணிக்கு வான் வந்தது.

ஆர்சியஸில் இந்தச் சிக்கல் இல்லை. லிங்கிங் கோர்ட் என்ற சாமானைக் கொடுத்தால் தனியாகவே கெங்கார் ஆகிவிடும். மற்ற ஆட்கள் தொலைத்த பைகளைத் தேடிக் கொடுத்துச் சேர்க்கிற புள்ளியில் அதை வாங்கலாம். என்னைப்போல் ஊரில் ஒற்றை மெசினோடு இருந்தவனுக்கு இது பெரிய உபகாரம், அதில் இரண்டாம் பேச்சில்லை. வாங்கினேன், கொடுத்தேன், மாறியது. அடுத்த சண்டைக்குப் போய்விட்டேன்.

போன வருசம் மச்சான் கலியாணம் முடித்து வந்தபோது லீஃப் கிரீனைப் பற்றிக் கேட்டேன். வீடு மாறேக்க ஒரு பெட்டி கசெற்றை அப்படியே வித்திட்டன் என்றான். "உன்ர பேயும் அதுக்குள்ளதான் போயிருக்கும்."

அவனுடைய மச்சாம்ப் இன்னும் என்னிடம் இருக்கிறது. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில், அவன் சின்னனில் அவசரத்தில் அமத்திய நாலு ஏ. எங்கேயோ இருக்கிற என் கெங்காரில் என் பெயர் இருக்கும். ஏழு எழுத்துக்குமேல் அடிக்க அந்தக் கேம் விடாது, அதனால் பாதிப் பெயர்.