ஆர்கேட் பெட்டிக்கு உலோகக் கன்ட்ரோல் பேனல்: மூன்று தகடு, மூன்று ஊர், நீண்ட நாள் பயன்பாடு

வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் பெட்டியில் பட்டன் போனால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். லீவரின் (ஜாய்ஸ்டிக்கின்) மைக்ரோ ஸ்விட்ச் போனாலும் அப்படித்தான். இவற்றைப் பொருத்தியிருக்கும் தகடான பேனலின் பூச்சு போனால் மட்டும் வயர் மொத்தத்தையும் பிடுங்கி, எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து வர வேண்டும். அந்தப் பூச்சு நட்ட நடுவில் போவது அபூர்வம். துளையின் விளிம்பு, மடிப்பின் உள்மூலை, மணிக்கட்டு உரசுகிற முன்விளிம்பு என்று ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஆகவே இந்தப் பகிர்வில் பாதி ஓரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பேசப்போவது மூன்று பேனல்கள். பாளையங்கோட்டையில் இருப்பது 2 மிமீ சிஆர்சிஏ (குளிர்நிலையில் உருட்டிய) இரும்புத் தகடு, சொரசொரப்பான கறுப்பு டெக்ஸ்சர் பவுடர் கோட்டிங் (பொடியை மின்னேற்றி அடித்து அடுப்பில் உருக்கும் பூச்சு). தென்காசியில் இருப்பது 3 மிமீ அலுமினியம், 5052 ரகம், வெள்ளை வழுவழு பவுடர் கோட்டிங்குக்கு மேல் வினைல் பிரிண்ட். உவரிக் கடற்கரைப் பக்கம் இருப்பது 1.5 மிமீ எவர்சில்வர், 304 கிரேடு, மெல்லிய கோடு கோடான ஹேர்லைன் ஃபினிஷ், மேலே எந்தப் பூச்சும் இல்லை. மூன்றும் ஒரே வரைபடம்: 750 × 250 மிமீ, இரண்டு பேர் ஆட ஆளுக்கு ஒரு லீவர், ஆறு பட்டன். முன்னும் பின்னும் 30 மிமீ கீழ்நோக்கி மடிப்பு. எடை தோராயமாக இரும்பு 3.6 கிலோ, எவர்சில்வர் 2.8 கிலோ, அலுமினியம் 1.9 கிலோ.

பிளைவுட் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 18 மிமீ பலகையில் அழுத்தி மாட்டுகிற கிளிப் வகைப் பட்டன் பிடிக்காது, அடியில் முடுக்குகிற நட்டு வகைதான் போட வேண்டும். ஜப்பான் லீவரின் தண்டு நீளமும் பத்தாது. அடியில் மரம் குடையும் ரௌட்டர் மெஷினை வைத்துக் குடைந்தாக வேண்டும். 2 மிமீ தகட்டில் லீவரை நேராக அடியில் தொங்கவிட்டால் அதன் தலைப் பந்து சரியான உயரத்தில் வந்து நிற்கும். ஐப்பசி மழையில் உப்புகிற தொல்லையும் இல்லை.

வரைபடத்துக்கு வருவோம். சான்வா கம்பெனியின் ஓபிஎஸ்எஃப்-30 (கிளிப் வகை) போன்ற ஜப்பான் ரகப் பட்டனுக்கு 30 மிமீ துளை, ஸ்டார்ட் பட்டனுக்கு 24 மிமீ. அமெரிக்க ரகப் பட்டன் வாங்கியிருந்தால் 28.6 மிமீ. இது ஒன்றேகால் இன்ச்சும் இல்லை, ஒரு இன்ச்சும் இல்லை. ஒன்றும் அரைக்கால் இன்ச்சும். லீவர் தண்டுக்கு 24 மிமீ துளை போட்டால் தண்டு எந்த மூலைக்குப் போனாலும் தகட்டில் உரசாது; மேலே வருகிற வட்டமான டஸ்ட் வாஷர் அந்த ஓட்டையை மூடிவிடும். பட்டனுக்குப் பட்டன் மையத்திலிருந்து மையம் 36 மிமீ வைத்தோம். பட்டனின் மேல்விளிம்பு சுமார் 33 மிமீ இருப்பதால் இடையில் 3 மிமீ கிடைக்கும். அதற்கும் குறைத்தால் விளிம்போடு விளிம்பு முட்டும்.

பவுடர் கோட்டிங் போடுவதாக இருந்தால் 30 மிமீ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பூச்சு ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் ஏறும். துளையின் விட்டத்தில் அது இரண்டு பக்கமும் சேர்ந்து 0.16 மிமீ வரை தின்றுவிடும். பட்டன் உள்ளே போகாது என்று கட்டைவிரலால் அழுத்துவார்கள், பக்கவாட்டு பிளாஸ்டிக் கிளிப் முறியும். 30.3 மிமீ என்று, லேசர் வெட்டக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் வரைபட ஃபைலிலேயே வரைந்துவிடுங்கள். பூச்சில்லாத எவர்சில்வருக்கு 30.1 போதும்.

தகடு வெட்டும் முன் காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டி, கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பு தானாக விழுந்திருக்கும், அளவு சுருங்கிவிடும். வரைபடத்தின் மூலையில் 100 மிமீ கோடு ஒன்று போட்டுவைத்து, வந்த தாளில் ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும்.

மடிப்புக்குப் பக்கத்தில் துளை வைத்தால் பிரஸ் பிரேக்கில் (தகடு மடிக்கும் மெஷினில்) மடிக்கும்போது வட்டம் முட்டை வடிவாக இழுபடும். தகட்டின் கனத்தைப் போல இரண்டரை மடங்கோடு மடிப்பின் உள் ஆரத்தைக் கூட்டி, அவ்வளவாவது மடிப்புக்கும் துளை விளிம்புக்கும் இடைவெளி விட வேண்டும். 2 மிமீ தகட்டில், 2 மிமீ ஆரத்துக்கு 7 மிமீ. விரித்த தகட்டின் நீளத்தை நீங்களே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. மடிப்பில் எவ்வளவு நீளும் என்பது பட்டறையில் அவர்கள் போடுகிற டையை (மடிக்கும் அச்சை) பொறுத்தது. மடித்த பிறகு வர வேண்டிய வெளி அளவை மட்டும் எழுதி, “அண்ணாச்சி, கழிவு உங்க டைக்குத் தக்கன போட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிடுவதுதான் சரி. அலுமினியத்தில் 6061-டி6 ரகத்தை மடித்தால் வெளிப்பக்கம் கீறல் விடும். அதனால்தான் 5052 கேட்டு வாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத அலுமினியத் தகட்டை மடிப்பு வேலைக்கு நம்ப வேண்டாம்.

முன்மடிப்புக்குக் கொஞ்சம் பெரிய ஆரமுள்ள பஞ்ச் (தகட்டை அழுத்தி மடிக்கும் மேல் அச்சு) கேளுங்கள். கூர்மையான மடிப்பு பார்க்க எடுப்பாக இருக்கும். அரை மணி நேரம் ஆடினால் மணிக்கட்டில் சிவப்புக் கோடு விழும். இன்னொரு காரணமும் உண்டு. அடுப்பில் பவுடர் உருகும்போது கூர்விளிம்பிலிருந்து பூச்சு பின்வாங்கி, அங்கே மட்டும் மெலிந்துவிடும். உரசல் அதிகமாக விழுகிற அதே இடத்தில் பூச்சு குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி துளையின் ஓரம். இரும்பை ஃபைபர் லேசரில் பெரும்பாலும் ஆக்ஸிஜன் வைத்துத்தான் வெட்டுவார்கள், செலவு குறைவு. ஆக்ஸிஜனில் வெட்டிய விளிம்பில் கருநீலமாக ஓர் ஆக்ஸைடு படலம் ஒட்டியிருக்கும். பவுடர் அந்தப் படலத்தின் மேல் உட்காரும். படலம் இரும்பை விட்டுக் கழன்றால் பூச்சும் கூடவே வந்துவிடும். பாளையங்கோட்டைப் பேனலில் மேலே ஒரு குறையும் தெரியவில்லை. பட்டனைக் கழற்றினால், அதன் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், நூல் பிடித்தாற்போல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு வளையம். பன்னிரண்டு துளையில் பிசிறு எடுக்கும்போது 120 நம்பர் எமரி போட்டு நன்றாகத் தேய்த்த துளைகளில் அது இல்லை, மேலோட்டமாக விட்ட துளைகளில் இருக்கிறது. நைட்ரஜனில் வெட்டிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் துளைக்குள் கருப்பு போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை அரை வட்ட அரமும் எமரியும் போட்டுத் தேய்த்துவிட்டுப் பூச்சுக்கு அனுப்புங்கள்.

லேசருக்குப் போகாமல் வீட்டிலேயே துளை போடுபவர்கள் முதலில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மிமீ டிரில்லால் வழிவிட்டு, பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் போடலாம். குறைந்த வேகம், கட்டிங் ஆயில், அடியில் மரக்கட்டை. ஒவ்வொரு படியின் உயரமும் தகட்டின் கனத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் துளை நேராக வராமல் சரிவாக வரும், கிளிப் பிடிக்காது. எவர்சில்வரில் மட்டும் இதை முயல வேண்டாம். சூடேறி இறுகிப்போகும், டிரில்தான் மழுங்கும்.

லீவரைப் பிடிக்க மேலிருந்து ஸ்குரூ போடுவதா, அடியில் ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) வெல்டு செய்வதா என்பது பழைய வாக்குவாதம். 2 மிமீ தகட்டில் எம்4 சிஎஸ்கே (தகட்டோடு சமமாக அமுங்கும் கூம்புத் தலை) ஸ்குரூவின் தலை முழுதாக உட்காராது. தலையின் உயரமே 2 மிமீக்கு மேல். குடைந்துகொண்டே போனால் துளை அகன்று, தலை ஆடும். ஆகவே இரும்பில் அடியில் நான்கு எம்4 ஸ்டட் பற்றவைத்தோம். மேற்பரப்பு வழுவழுவென்று வந்தது, ஆனால் வெல்டு விழுந்த இடம் மேலே லேசாகப் புடைத்து, அதைக் கிரைண்ட் செய்ய வேண்டியிருந்தது. கிரைண்ட் செய்ததில் விழும் பள்ளத்தைக் கார் பட்டி போட்டு நிரப்பிவிடலாம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். பவுடர் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகிறது. சாதாரணப் பட்டி அந்தச் சூட்டில் காற்றைக் கக்கி, பூச்சில் கொப்புளமும் ஊசித்துளையும் விடும். எவர்சில்வரில் வெல்டு நிறம் மேலே தெரியும் என்பதால் உருண்டைத் தலை ஆலன் ஸ்குரூவை வெளிப்படையாகவே போட்டோம், பட்டனும் கிளிப் வகைக்குப் பதில் ஓபிஎஸ்என்-30 நட்டு வகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைகளில் ஓடிய பழைய பெட்டிகளில் கறுப்பு கேரியேஜ் போல்ட்டின் உருண்டைத் தலை பளிச்சென்று வெளியே தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

பவுடர் கோட்டிங் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, செவன் டேங்க் இருக்கிறதா என்பது. எண்ணெய் எடுப்பது, துரு எடுப்பது, பாஸ்பேட் ஏற்றுவது, இடையிடையே கழுவுவது என்று ஏழு தொட்டி. துணியில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டு அடிக்கும் கடையில் நிறம் நன்றாகவே வரும், ஒட்டு வராது. அடுத்தது, மடிப்பின் உள்மூலை. மின்னேற்றம் பெற்ற பவுடர் குழிவான மூலைக்குள் போகத் தயங்கி, இரண்டு பக்கச் சுவரிலேயே படிந்துவிடும். அடிப்பக்கத்தையும் காட்டி, மூலைக்குத் தனியாகத் துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தகட்டுக்காக அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். அன்றைக்கு ஓடுகிற நிறத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தால் செலவு பாதியாகும். எப்படியும் கறுப்பு டெக்ஸ்சர் அடிக்கடி ஓடும்.

ஸ்டட்டுகளின் மரையைச் சிலிக்கான் மூடி போட்டு மறைக்கச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று எர்த்துக்கு.

இந்த எர்த் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று, எர்த் இல்லாத உலோகப் பேனலின் ஸ்குரூத் தலையில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் மின்கம்பிக்கும் பெட்டியின் உலோகப் பாகத்துக்கும் நடுவே இருப்பதால், எர்த் இல்லாதபோது அந்த உலோகம் 230 வோல்ட்டில் பாதி அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். கசிவது மிகச் சின்ன மின்னோட்டம். ஆனால் உள்ளே ஒரு வயர் தோலுரிந்து தகட்டைத் தொட்டால் அது சின்ன விஷயமாக இருக்காது. பெரும்பாலும் காரணம் மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கும் அடாப்டர்தான். பவுடர் கோட்டிங் மின்சாரம் கடத்தாது, அனோடைஸ் செய்த அலுமினியமும் கடத்தாது. ஆகவே பூச்சுக்கு மேல் வயரை முடுக்கினால் எர்த் ஆகாது. மறைத்துவைத்த வெறும் ஸ்டட்டில் ரிங் லக், பல் வாஷர், நட்டு என்று முடுக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் முனைக்கும் பேனலின் வெறும் உலோகத்துக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். மெயின் போர்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) இருப்பது இன்னும் நல்லது.

வயரிங்கில் ஒரே குறிப்பு: சான்வா பட்டனின் முனை 2.8 மிமீ லக்குக்கானது, அமெரிக்க ரக மைக்ரோ ஸ்விட்சுக்கு 4.8 மிமீ. தகட்டின் அடியில் குறைந்தது 60 மிமீ காலியிடம் விட்டால் வயர் மடங்கி முறியாது.

நாள்பட்ட நிலவரம். இரும்பு டெக்ஸ்சர் பேனல் பார்வைக்கு இன்றும் புதுசு, கைரேகை தெரிவதே இல்லை; மேலே சொன்ன துரு வளையம் மட்டும் குறை. அலுமினியப் பேனலின் தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, குற்றாலச் சாரல் காற்றிலும் துரு என்ற பேச்சே இல்லை. அங்கே கெட்டது வினைல். ஃப்ளெக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்த சூட்டோடு மேலே லாமினேஷன் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். சால்வென்ட் மை குறைந்தது ஒரு நாளாவது ஆவி விட வேண்டும். ஆவி விடாமல் மூடினால் பசை இளகி, சில மாதத்தில் ஓரம் சுருளும். முன்மடிப்பைத் தாண்டி அடியில் 15 மிமீயாவது சுற்றி ஒட்டியிருந்தால் மணிக்கட்டு அதைத் தள்ளாது. டெக்ஸ்சர் பூச்சின் மேல் வினைல் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உவரி எவர்சில்வர் பேனல்தான் ஏமாற்றம். 304 என்றால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை உப்புக்காற்றில் செல்லாது. ஹேர்லைன் கோடுகளுக்குள் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி வந்துகொண்டே இருக்கிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் அடங்கும். 316 கிரேடு போட்டிருந்தால் குறைந்திருக்கும். கைரேகையோ கேட்கவே வேண்டாம். விருந்தாளி அல்வாவைத் தின்றுவிட்டு வந்து ஆடினால் நெய் விரல் ஐந்தும் அச்சாக விழும். சத்தமும் இதில்தான் அதிகம்: பட்டனைத் தட்டும்போதெல்லாம் டங் டங் என்று அதிரும். கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமென் ஷீட்டை அடியில் காலியிடத்தில் ஒட்டிய பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் தூங்க முடிந்தது.

இன்னொரு பேனல் செய்வதானால், கடலிலிருந்து தள்ளியுள்ள ஊருக்கு 2 மிமீ இரும்பு, நைட்ரஜன் வெட்டு, டெக்ஸ்சர் பவுடர். கடற்கரை ஊருக்கு 3 மிமீ 5052 அலுமினியம், அதே டெக்ஸ்சர். எவர்சில்வர் ஸ்குரூ போடும் இடத்தில் நைலான் வாஷர் வைக்காவிட்டால் உப்பு ஈரத்தில் ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். துடைப்பதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பவுடர் பூச்சை மங்கடித்துவிடும். டெக்ஸ்சர் குழிக்குள் ஏறிய அழுக்குக்குப் பழைய டூத் பிரஷ்.