ஆர்வி-7 பேனலுக்குப் பின்னால் கை நுழைய எந்த வழி நல்லது?

வேன்ஸ் ஆர்வி-7 என்ற சிறு விமானத்தைக் கிட்டாக வாங்கித் தாங்களே கட்டுகிறவர்கள் கேனப்பி (காக்பிட்டின் மேல் உள்ள ஒளி ஊடுருவும் மூடி) விஷயத்தில் பார்வை, அழகு, காற்று எல்லாம் பேசுவார்கள். மீட்டர், திரை, ரேடியோ எல்லாம் மாட்டியிருக்கும் பேனலுக்குப் பின்னால் உள்ள ஒயரை எப்படித் தொடுவது என்ற கேள்வி மட்டும் மேல் தகட்டை ரிவெட் அடித்த பிறகுதான் வரும். அமெரிக்காவில் இந்த வகை விமானங்களுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, அதனால் வருஷா வருஷம் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இதில் முன்பக்கக் கீலில் மேலே தூக்கித் திறக்கும் டிப்-அப் கேனப்பிதான் என் முதல் தேர்வு. தூக்கினாலே பேனலுக்கும் அதற்கு முன்னால் உள்ள தடுப்பான சப்பேனலுக்கும் நடுவே உள்ள இடம் மேலிருந்து திறந்து கிடக்கும், நின்றபடியே இரண்டு கையாலும் வேலை செய்யலாம். முன் சீல் சரியில்லாவிட்டால் மழைத் தண்ணீர் நேராக ரேடியோ மேல் இறங்கும், வெளியில் நிறுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பின்னால் தள்ளித் திறக்கும் ஸ்லைடர் கேனப்பியில் விண்ட்ஷீல்டு (முன் கண்ணாடி) நிலையாக நிற்பதால் மேலிருந்து வழியில்லை. சீட்டைக் கழற்றிவிட்டு, ரடர் பெடல் பக்கம் தலையை விட்டு மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒயர் முனைகளை கிரிம்ப் செய்வதை (நசுக்கி இணைப்பதை) நான் ஒரு வழியாகவே சேர்க்க மாட்டேன், மோசமான இணைப்புகள் பிறப்பதே அப்படித்தான்.

சிலர் மேல் தகட்டில் மூடி வெட்டுகிறார்கள். சுற்றிலும் டப்ளர் (வலுவூட்டும் தகடு), நட்பிளேட் (ஸ்க்ரூ பிடிக்கும் நட்), கேஸ்கெட் (கசிவு தடுக்கும் பட்டை) வைத்து ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலைதான், ஆனால் அந்த மூடி சப்பேனலுக்கு முன்னால், என்ஜினைப் பிரிக்கும் ஃபயர்வால் வரை உள்ள பெட்டிகளுக்குத்தான் உதவும், டிஸ்ப்ளேயின் முதுகுக்கு அங்கிருந்து கை எட்டாது.

கீல் வைத்த பேனல் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் திராட்டில், மிக்ஸ்சர் கேபிள்கள் அதே பேனலில் இருந்தால் அது மடங்கவே மடங்காது, அவற்றுக்குக் கீழே தனி பிராக்கெட் வேண்டும். திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் கட்டு ஒரே இடத்தில் வளைவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்லைடர்தான் வேண்டும் என்றால், பேனலை மூன்று துண்டாகப் பிரித்து ஸ்க்ரூவில் மாட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் மடிமேல் இழுத்து வைக்கும் அளவுக்கு ஒயரில் நீளம் விடுங்கள், அந்த மிச்சம் ஸ்டிக்கிலோ பெடலிலோ உரசாதபடி கட்டுங்கள். பழைய ஊசி மீட்டர்கள் என்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் பிட்டோ, ஸ்டாடிக் குழாய்களையும் கழற்றி, மாட்டிய பின் கசிவு பார்க்க வேண்டும். டைனான் ஸ்கைவியூ மாதிரியான மின்னணுத் திரை அமைப்பில் அந்தக் குழாய்கள் தனிப் பெட்டிக்குப் போய்விடுவதால், திரையை முன்பக்கமாகவே உருவி கனெக்டர்களைப் பிடுங்கிவிடலாம். ஒவ்வொரு கனெக்டருக்கும் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டிவிடுங்கள்.