ஃபார் ஹானரில் அசாசின்: தற்காப்பு பற்றிப் பல வருஷ அனுபவம்

ஃபார் ஹானர் என்ற வாள்சண்டை வீடியோ கேம் 2017 பிப்ரவரியில் வந்தது. முதலில் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4), பிறகு பிஎஸ்5 என்று பெரம்பூர் வீட்டில் இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் எடுப்பது பீஸ்கீப்பர் என்ற வீராங்கனையைத்தான். ஒரு கையில் வாள், மறு கையில் குத்துவாள். வேகம் உண்டு, ஆனால் கவசம் கனமில்லாத அசாசின் வகை. இந்த வகை வீரர்களை வைத்து எப்படி வெட்டுவது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி அடி வாங்காமல் நிற்பது என்பதுதான் சரியாகப் பேசப்படவில்லை. அதனால் இங்கே தற்காப்பை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் டாட்ஜ், அதாவது பாய்ந்து விலகுவது. அசாசினை எடுத்தவர்கள் எல்லோருக்கும் எக்ஸ் பட்டனிலேயே விரல் கிடக்கிறது. எங்கள் குழுவில் அம்பத்தூரிலிருந்து ஆடும் தம்பி ஒருவன் இப்படித்தான் சொன்னான்: "அண்ணா, அவன் லேசா அசைஞ்சாலே எனக்குத் தன்னால டாட்ஜ் போயிடுது." இந்தப் பழக்கத்தைத்தான் வார்டன் என்ற வீரனை வைத்து ஆடுபவர்கள் சாப்பிடுகிறார்கள். வார்டன் தோளால் இடிக்க வரும்போது அந்த இடியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கலாம், பாதியில் கைவிட்டு கார்டு பிரேக்காகவும் (தடுப்பை உடைத்து ஆளைப் பிடிப்பது) மாற்றலாம். நாம் முன்கூட்டியே பாய்ந்துவிட்டால் அவன் இடியைப் போடவே மாட்டான். காலர் நேராக அவன் கைக்குப் போய்விடும். டாட்ஜின் தொடக்கத்தில் பிடிபட்டால் கார்டு பிரேக்கைத் தட்டிவிடவும் வழியில்லை. பாலத்து ஓரத்தில் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஒரே தூக்கு, கீழே.

சடுகுடுவில் பாடி வருபவன் கை நீட்டிப் பாவ்லா காட்டும்போதே பாய்பவன்தான் முதலில் அவுட் ஆவான். இங்கேயும் அதேதான். இடி நிஜமாகவே கிளம்பிவிட்டது என்று தெரியும்வரை காலை எடுக்கக் கூடாது. அந்தத் தம்பியிடம் ஒரு மாலை முழுக்க டாட்ஜே வேண்டாம், பிளாக்கும் கார்டு பிரேக் தட்டுவதும் மட்டும் போதும் என்று சொல்லி ஆட வைத்தேன். தோற்றான்தான், ஆனால் முன்பைவிட நின்று நிதானமாகத் தோற்றான். அடுத்த வாரமே அவன் டாட்ஜ் பாதியாகக் குறைந்திருந்தது.

அடுத்தது டிஃப்ளெக்ட். அசாசின்களின் உண்மையான சொத்து இதுதான். வெட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதே பக்கமாக, அது மேலே படுவதற்குச் சற்று முன்பு பாய வேண்டும். வலமிருந்து வந்தால் வலப்பக்கம், மேலிருந்து இறங்கினால் முன்னோக்கி. உடம்பு எதிர்ப்பக்கம் ஓடத்தான் துடிக்கும், அதை அடக்குவதுதான் முழுப் பயிற்சியும். சரியாக விழுந்தால் எதிராளியின் ஆயுதம் ஒதுங்கும், உடனே ஸ்கொயர் பட்டனை அழுத்தினால் பீஸ்கீப்பரின் குத்துவாள் இறங்கி ரத்தம் கசிய ஆரம்பிக்கும். பிளாக் செய்ய முடியாத ஆரஞ்சு நிற வெட்டையும் இப்படித் திருப்பலாம். தோள் இடி, கேடய இடி போன்றவற்றைத் திருப்ப முடியாது, விலக மட்டும்தான் முடியும். பயிற்சி அரங்கில் எதிராளி எந்த வெட்டைப் போட வேண்டும் என்று செட் செய்துகொள்ளலாம். மேலிருந்து வரும் ஹெவியை (மெதுவான, பலத்த வெட்டு) மட்டும் வைத்துத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வெட்டு படும் கணத்தில் ஆர்2 அழுத்தி அதைத் தட்டிவிடும் பேரியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். பார்த்த ஹெவிக்கெல்லாம் ஆர்2 அழுத்துபவனை, ஹெவியைத் தொடங்கி ஃபெயின்ட் செய்தே (பாதியில் நிறுத்திப் பாவ்லா காட்டியே) ஒருவன் தீர்த்துவிடுவான். முதல் ரவுண்டில் வெறுமனே பிளாக் செய்து, எதிராளி எத்தனைக்கு எத்தனை ஃபெயின்ட் செய்கிறான் என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் பேரி.

அசாசின்களில் பலருக்கும் இன்னொரு சிக்கல், கார்டு, அதாவது நாம் காட்டிய பக்கத்துத் தடுப்பு, தானாக நிற்காது. வார்டன் போன்றவர்கள் ஒரு பக்கம் காட்டினால் அந்தப் பக்கமே பாதுகாப்பு இருக்கும். பீஸ்கீப்பருக்குச் சில கணத்தில் அது மறைந்துவிடும், ஸ்டிக்கை மறுபடி தட்ட வேண்டும். அதனால் இந்த வீரர்களுக்குக் கண்ட்ரோலரின் வலது ஸ்டிக்தான் உயிர். நம் ஊரில் அது என்ன பாடுபடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மே மாதம் ஃபேன் காற்றே சூடாக வரும்போது கட்டைவிரல் வியர்த்து ஸ்டிக்கில் வழுக்கும். மேலே காட்டியது இடமாகப் போய்விடும். ரப்பர் கேப் போட்டதும் இது பெருமளவு நின்றது. அப்புறம் டிரிஃப்ட். ஸ்டிக் தேய்ந்து, தொடாமலே கார்டு ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் மற்ற கேம்களில் சமாளிக்கலாம், இதில் முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்டிக்கின் பாகத்தை மட்டும் கழற்றி, புதிதாகச் சால்டர் செய்து தருகிறார்கள். புதுக் கண்ட்ரோலர் வாங்குவதற்கு முன் அதை முயன்று பாருங்கள்.

ஃபிரேம் விஷயமும் உண்டு. பிஎஸ்4இல் இந்த கேம் செகண்டுக்கு 30 ஃபிரேம்தான், அதாவது ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 33 மில்லி செகண்ட். 2020 இறுதியில் பிஎஸ்5இல் 60 ஆனபோது அது பாதியானது. அரை செகண்டில் வந்து விழும் லைட் வெட்டுக்கு முன்னால் இது சின்ன வித்தியாசம் இல்லை. மாறிய அன்றே டிஃப்ளெக்ட் எளிதானது. டிவியில் ஆடினால் கேம் மோடைப் போட மறக்காதீர்கள், பல டிவிகள் படத்தை மெருகேற்றியே நேரத்தை விழுங்குகின்றன. ஐப்பசி மழையில் நெட் லைன் ஆட்டம் காட்டும் இரவுகளில் நான் டிஃப்ளெக்ட்டை மறந்துவிட்டுப் பிளாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். வைஃபைக்குப் பதில் கேபிள் இழுத்தது இந்த வருஷங்களில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

நாலு பேருக்கு நாலு பேர் மோதும் டொமினியன் ஆட்டத்தில் இரண்டு பேர் சூழ்ந்தால் வேறு கணக்கு. நாம் குறிவைத்து லாக் செய்யாதவன் நிற்கும் பக்கமாகக் கார்டைத் திருப்பினால் அவன் வெட்டு பிளாக் ஆகும். இருவரையும் தடுத்துக்கொண்டே இருந்தால் ரிவெஞ்ச் மீட்டர் நிரம்பும், கூடுதல் கேடயத்தோடு திருப்பி அடிக்கலாம். ஆனால் மறைந்துபோகும் கார்டோடு இதைச் செய்வது பீஸ்கீப்பருக்கு இன்றுவரை பெரும்பாடுதான். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் நான் யோசிப்பதில்லை, தோழர்கள் இருக்கும் பக்கம் ஓடிவிடுகிறேன். ஓட்டத்தில் அசாசினைப் பிடிக்கக் கனமான வீரர்கள் ரொம்பவே திணறுவார்கள்.