உள் அறையா, பால்கனி அறையா?

சொகுசுக் கப்பல் பயணத்தில் உள் அறை எடுத்தாலும் பால்கனி அறை எடுத்தாலும் சாப்பாடு, நீச்சல் குளம், அரங்க நிகழ்ச்சி எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் அறையில்தான். உள் அறைக்கு ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் நண்பகலிலும் கும்மிருட்டு. தூங்கவும் குளிக்கவும் மட்டும் அறைக்கு வருபவர்கள் இதை எடுத்து, மிச்சப் பணத்தைக் கரையில் இறங்கிச் சுற்ற வைத்துக்கொள்ளலாம்.

பால்கனி அறையின் விலை எகிறும். ஆனால் அலாஸ்கா, நார்வே பக்கம் மலையும் அருவியும் கண்ணெதிரே நகரும்போது அந்தக் காசு வீண் இல்லை. தினமும் ஒரு துறைமுகத்தில் இறங்குவதென்றால் பால்கனி எதற்கு? பதிவு செய்யுமுன் தள வரைபடத்தில் அறை எண்ணைப் பாருங்கள். சில பால்கனிகளின் காட்சியை உயிர்காப்புப் படகு மறைத்துவிடும்.

எந்த அறையானாலும் கட்டணத்தைப் பெரும்பாலும் இருவர் தங்கும் கணக்கில், தலைக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். தனியாகப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். டிப்ஸ், வைஃபை, மது பெரும்பாலும் தனிக்கணக்கு.