கடை மெயிலை வேறு சர்வருக்கு மாற்றினோம்: வடசேரி சர்வீஸ் கடை பற்றி

எங்களுக்கு நாகர்கோவில் கோட்டாறில் கிராம்பு, நல்லமிளகு வியாபாரம். மாறாமலைப் பக்கத்துத் தோட்டங்களில் எடுக்கிற சரக்கை வெளியூர்க் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். விலை கேட்பது, சாம்பிள் பேசுவது, பில் அனுப்புவது எல்லாமே கடைப் பெயரில் உள்ள மெயிலில்தான். 2021-ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெப்சைட் ஃபார்ம் வழியாக விசாரிக்கிறவர்களும் வர ஆரம்பித்தார்கள். அதனால் ஒரு மெயில் தவறினால் ஒரு ஆர்டர் போகும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இதுவரை வெப்சைட் இருந்த ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் இருந்தது. பெட்டி அடிக்கடி நிறையும். அதே சர்வரில் இருக்கும் வேறு யாராவது ஸ்பாம் அனுப்பினால் அந்த ஐபி முகவரிக்கே கெட்ட பெயர் வந்து எங்கள் பில்லும் சேர்ந்து ஸ்பாமில் விழும். சரி, காசு கொடுத்துத் தனி மெயில் சர்வீஸ் வாங்கிவிடலாம் என்று வாங்கினோம். டொமைனில் இந்த இந்த ரெக்கார்டுகளை (மெயில், சைட் எந்த சர்வரில் என்பது போன்ற குறிப்புகளை) போடுங்கள் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். நான் டொமைன் வாங்கிய இடத்தில் போய் எல்லாவற்றையும் போட்டேன், இரண்டு நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் குறிப்புகளைக் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வர் எங்களுக்கு ஹோஸ்டிங் கம்பெனியுடையதாக இருந்தது, ஆகவே இந்த டிஎன்எஸ் ரெக்கார்டுகளை அங்கேதான் மாற்ற வேண்டும், டொமைன் வாங்கிய இடத்தில் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப் போவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த ஒருவரிடம் கேட்டதற்கு நேம்சர்வரையே மாற்றிவிடலாம் என்றார். நல்லவேளை செய்யவில்லை, ஏனென்றால் புது இடத்தில் வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டு இல்லாமல் அப்படி மாற்றினால் சைட்டும் சேர்ந்து நின்றுபோகும்.

அப்புறம்தான் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். ஒரு அக்காவும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன், அரை ஏன் குறைகிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

போனதும் அக்கா சொன்னது, "இப்ப எதையும் தொடாண்டாம், முதல்ல இருக்கதை எழுதி வைப்போம்." டொமைனில் ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு ரெக்கார்டையும் ஒரு நோட்டில் கையால் எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி: "உங்க டொமைன் பேர்ல யாரெல்லாம் மெயில் அனுப்புறாங்க?" நாங்கள் ஒன்பது பேர் என்றேன். ஆள் மட்டுமில்லை, சாஃப்ட்வேரையும் சொல்லுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தால் பில்லிங் சாஃப்ட்வேர் தன்னுடைய சர்வரிலிருந்து எங்கள் பெயரில் பில் அனுப்புகிறது, வெப்சைட் ஃபார்ம் ஹோஸ்டிங்கிலிருந்து அனுப்புகிறது. இந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல், அதில் பில்லிங் சர்வரை விட்டிருந்தால் மாற்றிய மறுநாளே எங்கள் பில்கள் சந்தேகப் பட்டியலில் போயிருக்கும்.

எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங் போட்ட பழையது அப்படியே இருக்க, புது சர்வீஸ் சொன்னதை இரண்டாவதாகச் சேர்த்தால் பெறுகிற சர்வர் இரண்டையும் பிழை என்று ஒதுக்கிவிடும். அக்கா மூன்று இடத்தையும் ஒரே வரியில் சேர்த்தார். ஒரு எஸ்பிஎஃப் வரி 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதால் அதையும் எண்ணிப் பார்த்தார்.

வியாழக்கிழமை செய்தது டிடிஎல் குறைப்பது மட்டும்தான். 14400 வினாடி இருந்தது, அதாவது பழைய பதிலை மற்ற சர்வர்கள் நான்கு மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அதை 300 ஆக்கிவிட்டு, சனி ராத்திரி மாற்றலாம், ஞாயிறு மெயில் குறைவாகத்தான் வரும் என்றார். எனக்கு அவசரம், ஆனாலும் அவர் பைய செய்வோம் என்பதில் நின்றார்.

சனி ராத்திரி நானும் கூடவே உட்கார்ந்தேன். டிஎன்எஸ் பேனல் பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொன்னார், முடிந்ததும் மாற்றிவிடச் சொன்னார். எங்களுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் புதிதாகப் போட்டார். பாதுகாப்புக்காகப் பழையதையும் பெரிய எண்ணில் இருக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எண் சிறியதாக இருந்தால் முதல் உரிமை என்பது சரி, ஆனால் புது சர்வர் ஒரு கணம் பதில் தராவிட்டாலும் அனுப்புகிறவரின் சர்வர் பழைய பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடும், நாம் அந்தப் பெட்டியைப் பார்க்கவே மாட்டோம். எம்எக்ஸ் ஒரே இடத்தைக் காட்டினால், அந்த சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாலும் அனுப்புகிற சர்வர்கள் வழக்கமாகச் சில நாட்களுக்கு மறுபடி மறுபடி முயற்சி செய்யும், மெயில் தொலையாது.

மெயில் எங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தான டிகிம் போடும்போதுதான் நேரம் பிடித்தது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் 2048 பிட் சாவி நீளமானது. அதை வைக்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துக்கு மேல் வராது, எங்கள் பேனல் மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. அவர் அதைக் கவனித்து, மேற்கோள் குறி போட்டு இரண்டு துண்டாகக் கொடுத்தார். பிறகு ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, மெயிலின் முழு விவரம் காட்டும் ஷோ ஒரிஜினல் திறந்து, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) மூன்றுக்கும் பாஸ் வந்ததைக் காட்டினார். பழைய மெயில்களை ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலைப் படிக்கும் முறை) வழியாகப் புதுப் பெட்டிகளுக்கு நகல் எடுத்தார், பழைய பெட்டிகளை இரண்டு வாரத்துக்கு அழிக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அது எவ்வளவு நல்ல யோசனை என்று திங்களன்று தெரிந்தது. ஹோஸ்டிங் பேனலில் ஈமெயில் ரூட்டிங் என்று ஓர் அமைப்பு உண்டு, லோக்கலா ரிமோட்டா என்று. அதை ரிமோட்டுக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். லோக்கலில் இருந்தால், வெளியிலிருந்து வரும் மெயில் எம்எக்ஸ் பார்த்துப் புது சர்வருக்குச் சரியாக வரும், வெப்சைட் ஃபார்ம் அனுப்புவது மட்டும் எம்எக்ஸைப் பார்க்காமல் அதே சர்வரில் இருக்கும் பழைய பெட்டியில் விழும். மூன்று விசாரணைகள் அப்படி அங்கே கிடந்தன. மதியம் அக்காவே போன் செய்து, எங்கள் தவறு என்று சொல்லி, மாற்றி, மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். அதற்குத்தான் அரை மதிப்பெண் குறைவு. ஆனால் நான் கண்டுபிடிக்குமுன் அவரே கூப்பிட்டுச் சொன்னதால்தான் அடுத்த வேலைக்கும் இவர்களிடமே போவேன்.

டிமார்க்கை முதலில் கண்காணிப்பு மட்டும் என்று போட்டிருக்கிறார். தினசரி அறிக்கை வருகிறது, அதைப் பார்த்து பில்லிங் சாஃப்ட்வேரின் டிகிமையும் எங்கள் டொமைனில் சேர்த்தார். ஒரு மாதம் சுத்தமாகப் போனால் கடுமையாக்கலாம் என்கிறார். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் கட்டாயம். நாங்கள் அறுபதுகூட அனுப்புவதில்லை, என்றாலும் எங்கள் பெயரில் வேறு எவனாவது போலி பில் அனுப்பினால் தெரிய வேண்டுமே.

மொத்தம் 4,000 ரூபாய், ஒன்பது பேர் போனில் மெயில் வைத்துக் கொடுத்தது உட்பட. அதற்கு எல்லோரும் வடசேரிக்குப் போக வேண்டியிருந்தது, கடைக்கு வந்து செய்ய மாட்டார்கள். பைக் நிறுத்த இடமில்லை. ஞாயிறு விடுமுறை. போகும்போது டொமைன் எங்கே வாங்கியது, ஹோஸ்டிங் எங்கே என்ற இரண்டு பில்லையும், உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் எல்லா சாஃப்ட்வேரின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள், முதல் அரை மணி நேரம் மிச்சமாகும்.