டிஜாக்சின் தந்த ஃபாக்ஸ்குளோவும் வாசலில் நிற்கும் அரளியும்

அம்மாவின் மாத்திரை டப்பாவில் சனி, ஞாயிறு அறைகளில் மட்டும் அந்தச் சின்ன அரை மாத்திரை இருக்காது. டிஜாக்சின், இதயத்துக்கான மருந்து. வாரத்துக்கு ஐந்து நாள் போதும் என்பது டாக்டர் கணக்கு. ஃபாக்ஸ்குளோவ் என்ற குளிர்நாட்டுச் செடியின் இலை தந்த மருந்து அது.

எங்கள் வீடு பெங்களூரு அல்சூரில். போன மாதம் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி, "அரளி எலெ கஷாயம் குடிங்கம்மா, ஹார்ட்டுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் பார்வை வாசல் செவ்வரளி மேல் போனது. எனக்குப் பகீரென்றது. கன்னடத்தில் அரளி என்றால் அரசமரம். நம் அரளிக்கு அங்கே கணகிலெ என்று பெயர்!

ஃபாக்ஸ்குளோவும் அரளியும் செய்யும் வேலை ஒன்றுதான். ஃபாக்ஸ்குளோவில் டிஜாக்சின், டிஜிடாக்சின், செவ்வரளியில் ஒலியாண்ட்ரின், மஞ்சள் அரளியில் தெவெட்டின். எல்லாமே இதயச் செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்ப்பை அடைக்கும். சோடியம் தேங்கினால் கால்சியம் கூடும், துடிப்பு வலுக்கும். அளவு தாண்டினால் துடிப்பே தாறுமாறாகும். டிஜாக்சின் நஞ்சுக்கென்று செய்த எதிர்மருந்தை இலங்கையில் மஞ்சள் அரளி விதை தின்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், பலனும் கிடைத்தது. அவ்வளவு நெருங்கிய சொந்தம்.

அப்புறம் ஏன் ஒன்று மட்டும் மாத்திரையானது? அளவு பிடிபட்டதால்தான். ஒரு மூதாட்டியின் கைமருந்திலிருந்து ஃபாக்ஸ்குளோவை அடையாளம் கண்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங், இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கவனித்தார். பூக்கும் நேரத்தில் பறித்து, உலர்த்தித் தூளாக்கி, பலித்ததையும் பலிக்காததையும் 1785இல் எழுதி வைத்தார். 1930இல் டிஜாக்சின் தனியாகப் பிரிந்தது. இன்று ரத்தத்தில் அதன் அளவையே பார்த்துவிடலாம். டிஜிடாக்சின் உடலில் பாதி குறையவே ஒரு வாரம் போல ஆகும். டிஜாக்சினுக்கு ஒன்றரை, இரண்டு நாள். ஆனால் அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம் டெஸ்டுகளை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

அரளிக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது. இலை, பூ, விதை, பால் எல்லாமே நஞ்சு. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024இல் நைவேத்தியத்திலிருந்து அரளிப்பூவையே விலக்கியது.

செடியாக மட்டும் பார்த்தால் என் ஓட்டு அரளிக்குத்தான். ரிங் ரோடு நடுவில் புகையிலும் பூக்கிறதே! ஃபாக்ஸ்குளோவுக்கு நம்ம ஊர் ஏப்ரல் ஒத்துக்காது.

மறுநாள் ஆன்ட்டி அம்மாவைத் தெருமுனை அரளிகட்டெக்கு, அதாவது அரசமரத்தடி மேடைக்கு, கூட்டிப்போய் அரசிலையைக் காட்டினார். சரி, அந்தக் கஷாயமும் டாக்டரைக் கேட்ட பிறகுதான் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.