1851க்குப் போக ஒரு பென்ஷன் மனு

என் மாமியார் அயர்லாந்துக்காரர், கிளேர் மாவட்டம். தன் தாத்தாவின் அம்மா எந்த வீட்டுப் பெண் என்று தேடித் தரச் சொல்லி வெகுநாளாக நச்சரிப்பு. முதலில் சந்தா கட்டும் வம்சாவளித் தளம் ஒன்றில் தேடினேன். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைத்தான் காட்டியது. அவை டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே இலவசம். சந்தாவை நிறுத்திவிட்டேன்.

அதற்கு முந்தையவை இல்லாததற்குக் காரணம் உண்டு. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும், 1922 ஜூன் 30இல், உள்நாட்டுப் போரில், ஆவணங்களை வைத்திருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்து எரிந்தபோது பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. 1861 முதல் 1891 வரையிலான தாள்களை அரசாங்கமே அதற்கு முன்பு அழித்துவிட்டது. 1851 தாளில், முந்தைய 10 வருடத்தில் வீட்டில் இறந்தவர்களையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் போனவர்களின் கணக்கு அது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆனால் அதே காப்பகத் தளத்தில் 'சென்சஸ் சர்ச் ஃபார்ம்ஸ்' (கணக்கெடுப்பில் தேடச் சொல்லும் மனுக்கள்) என்று ஒரு பகுதி இருக்கிறது. என் மதிப்பெண் முழுக்க அதற்குத்தான். 1909இல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. கிழவர்களிடம் வயதுச் சான்று ஏது? அதனால் 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லி மனுப் போட்டார்கள். மூலம் எரிந்தது, மனுக்கள் தப்பின. (முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்டு அலையவிடுவது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.)

நாங்கள் தேடிய அந்தப் பாட்டியின், அதாவது மாமியாருடைய தாத்தாவின் அம்மாவின், மனுவும் கிடைத்தது. அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், ஊர், பங்கு (பாரிஷ்) எல்லாம் அவர் சொன்னபடி. கீழே குமாஸ்தா கையெழுத்தில், 1851இல் அவருக்கு வயது 10 என்று குறிப்பு. அதே பாட்டி 1901 கணக்கெடுப்பில் 52 என்று சொல்லியிருக்கிறார், 1911இல் 71! பென்ஷன் வந்ததும் வயது தாவியது அவருக்கு மட்டுமல்ல, அயர்லாந்து முழுக்க நடந்த கதை. மாமியார் சிரித்து ஓயவில்லை.

தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஓ'ப்ரையன் ஒரு தாளில் வெறும் ப்ரையனாக இருப்பார். மாவட்டம், பங்கு, டவுன்லேண்ட் (அங்கே நிலப் பிரிவில் மிகச் சிறியது) என்று ஊரைப் பிடித்துப் போனால் சீக்கிரம் அகப்படும். சில மனுக்களில் 'கிடைக்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கும். அதிலும் மனுதாரர் சொன்ன பெற்றோர் பெயர் மிஞ்சும்.

1909க்கு முன்பே இறந்தவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு கிரிஃபித் நிலமதிப்பீடும் (வரிக்காக நிலம், வீடு வைத்திருந்தவர்களைப் பட்டியலிட்டது) தேசிய நூலகத்தின் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும்தான் கதி. இரண்டும் இணையத்தில் இலவசம். நூலகத் தளத்தின் பதிவேட்டுப் படங்களில் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சனிக்கிழமை காலியாக இருந்தால் உட்காருங்கள்.